ரேடியோ சபாபதி வாசிக்காத சீட்டுகள்

ரேடியோ சபாபதி காலமான செய்தி எங்கள் ஊருக்கு வாய்வழியாகத்தான் வந்தது. தினமும் காலை ஆறரை மணிக்கு நான்கு ஒலிபெருக்கிக் கம்பங்களிலும் ஒரே சமயத்தில் எழும் "வணக்கம், கோணசந்திரம்" என்ற குரல் அந்தச் செவ்வாய்க்கிழமை எழவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்களாம். எங்கள் தெருவில் கம்பம் கிடையாது என்பதால் எங்களுக்கு அதுவும் தெரியாது. ஏழு மணிக்குப் பால் ஊற்ற வந்த நஞ்சம்மாதான் சொன்னாள்.

"ரேடியோக்காரரு பூட்டாராம்மே. படுத்தவரு எந்திரிக்கவே இல்லியாம்."

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். யார் இறந்தாலும் அவள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதையே கேட்டாள்.

"அடக்கம் எத்தன மணிக்காம்?"

"அத யாரு சொல்றது? சொல்றவரே பூட்டாரே!" என்றாள் நஞ்சம்மா.

நம் படிப்பகம் அவருக்காகக் கொண்டுவரும் இந்தக் கையெழுத்து மலரில் என்னையும் எழுதச் சொன்னவர் செயலாளர் சுந்தரம் சார். "நல்லதா நாலு சம்பவம் எழுதும்மா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நடந்தத எழுது. ஆனா பிழையில்லாம எழுது" என்றார். சபாபதியைத் தெரிந்த நீங்கள் அனைவரும் நல்ல சம்பவங்களை எழுதியிருப்பீர்கள். அவை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நான் அவரை வெறுத்தேன். அவர் இறந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றி எழுதினால், அதுவும் பிழைதான்.

இந்த மலர் ஓசூர், கிருஷ்ணகிரி படிப்பகங்களுக்கும் போகும் என்று சார் சொன்னார். ஆகவே அவரைத் தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். கோணசந்திரம் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில், சாலையோரத்தில் செவ்வாய்தோறும் சந்தை கூடும் ஊர். தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் திட்டிக்கொள்ளும் சந்தை. சபாபதி ஆரம்பத்தில் டூரிங் கொட்டகைக்காக மாட்டுவண்டியில் உட்கார்ந்து தகரக் குழாயில் படத்தின் பெயரைக் கூவினார். பஞ்சாயத்துப் பூங்காவில் ரேடியோ வைத்தபோது அதைத் திறந்து மூடும் வேலைக்கு வந்தார். பிறகு மைக்கும் ஒலிபெருக்கிகளும் வாங்கினார்கள். சந்தையில் ஒன்று, பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று, புளி மண்டித் தெருவில் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று என்று நான்கு கம்பங்கள் நட்டார்கள். அதன்பின் ஊர்ச் செய்தி, சந்தை விலை, அம்மை குத்தும் நாள், பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு, விவசாய நாடகம் எல்லாவற்றையும் அவரே எழுதி, அவரே நடத்தி, அவரே பேசினார்.

அவர் நாடகம் நடத்துவதை ஒருமுறை பூங்காவில் இருந்த மைக் அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெங்கும் கம்பளி தொங்கியது. கதையில் மழை வர வேண்டும். அவர் ஒரு கையில் தாளைப் பிடித்துக் குடியானவர் குரலில் பேசிக்கொண்டே, மறு கையால் முறத்தில் இருந்த கேழ்வரகை மெல்லச் சாய்த்தார். ஏரிக்கரைக் கம்பத்தடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள் என்று மறுநாள் பள்ளியில் பேசிக்கொண்டோம். அந்த மழை நன்றாக இருந்தது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கண்டெடுத்த பொருள்களைப் பற்றிச் சொல்லும்போது, "உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்" என்று முடிப்பார். ஒற்றைக் கொலுசு, குடை, வெற்றிலைப் பை எதுவாயினும் அதே வாசகம், அதே நிதானம். வகுப்பில் ரப்பர் துண்டு கிடைத்தால்கூட நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலில் சொல்லிச் சிரிப்போம்.

மைக் வருவதற்கு முன் ஊருக்குச் செய்தி சொன்னவர் தமுக்கு அடிக்கும் திம்மன். சாவு விழுந்தால் அவர் தெருத் தெருவாக அடித்துச் சொல்லிவிட்டு, சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் நடப்பார். இறந்தவருக்கு உடன்பிறந்தவள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குப் பிறகு சொன்னால் கோபம் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மைக் வந்ததும் பஞ்சாயத்து தமுக்கை நிறுத்தியது. திம்மன் பூங்கா அறைக்குப் போய் நின்றார். அப்போது அங்கே பள்ளிப் பாட்டுக்காக வரிசையில் நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

"சாமி, மத்ததெல்லாம் நீங்களே சொல்லிக்குங்க. சாவுக்கு மட்டும் நான் அடிச்சிக்கிறேன்."

"ஒரே ஊர்ல ரெண்டு சத்தம் இருக்கக்கூடாது திம்மா" என்றார் சபாபதி.

"உங்க சத்தம் எங்க தெருவுக்கு வரலீங்களே."

"கம்பம் நட்டா வரும்."

எங்கள் மேட்டுத் தெருவில் இன்றுவரை கம்பம் நடவில்லை. திம்மன் தமுக்கைப் பரணில் ஏற்றிவிட்டு, என் அப்பாவோடு புளி மண்டியில் மூட்டை தூக்கப் போனார்.

அந்தப் பாட்டு வரிசையிலேயே என்னைச் சபாபதி தனியே நிறுத்திப் படிக்கச் சொன்னார். வாரம் ஒருமுறை மாணவர் நேரத்தில் செய்தி வாசிக்க ஒரு பெண் வேண்டும். நான் படிப்பகத்து நாளிதழ்களை உரக்கப் படித்துப் பழகியிருந்தேன். ஒரு சொல்லும் தவறாமல் படித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மற்றப் பிள்ளைகள் எதிரில், "உச்சரிப்பு சுத்தம். ஆனா குரல்ல பசி தெரியுது. கேக்கறவனுக்குச் சோறு எறங்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மண்டிக்காரர் மகள் சாவித்திரியைத் தேர்ந்தெடுத்து, அவளிடம், "பேசறதுக்கு முன்னால மனசுக்குள்ள மூணு எண்ணு. ஊர் காது கொடுக்க அவ்வளவு நேரம் ஆகும்" என்று சொல்லிக் கொடுத்தார். எனக்குச் சொல்லாத அதை நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மண்டிக்காரரின் தாயார் இறந்த நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்றும் சந்தை நாள்தான். சபாபதி புளி விலையைப் பாதியில் நிறுத்தினார். நாதசுர இசைத்தட்டைப் போட்டார். அது முடிந்ததும், "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்" என்று ஆரம்பித்து, அந்த அம்மாள் பிறந்த ஊர், கட்டிய சத்திரம், பெற்ற பிள்ளைகள், பேரன்மார் படிக்கும் படிப்பு வரை சொன்னார். சந்தையில் தராசுகள் நின்றன. கூடையைத் தலையில் வைத்திருந்த பெண்கள் இறக்கி வைத்தார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது. ஒரு சாவுக்கு ஊரே நிற்கிறது என்று வியந்துகொண்டே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா புளி படிந்த விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "நம்மளச் சொல்றப்ப கேக்கறதுக்கு நாம இருக்கமாட்டமே கண்ணு" என்று சிரித்தார்.

அதே வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது புலர்வதற்குள் போய்விட்டார்.

அப்பாவுக்கு ஒரே அக்கா, கெம்பம்மா அத்தை. எல்லைக்கு அப்பால் மைசூர்ச் சீமையில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே போய்க் கன்னடமே பேசிப் பேசி, தம்பியைத் "தம்மா" என்றுதான் கூப்பிடுவாள். தாய் தகப்பன் இல்லாமல் அப்பாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அவள் கொண்டுவந்து போடும் கோடித் துணி இல்லாமல் அவரை எடுக்கக்கூடாது. அம்மா அழுகைக்கு நடுவிலும் யோசித்தாள். "திம்மண்ணா, நீ அண்ணி ஊருக்கு நட. பொண்ணு மைக்குக்குப் போவட்டும். அண்ணி சந்தைக்கு வந்திருந்தாலும் காதுல விழுந்திடும்" என்றாள். திம்மன் கிளம்பினார். நான் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்:

"கோணசந்திரம் மேட்டுத் தெரு முனிசாமி இன்று விடியற்காலை இறந்துவிட்டார். மாலை ஐந்து மணிக்கு அடக்கம். அவருடைய அக்கா கெம்பம்மாவுக்குத் தெரிந்தவர்கள் சொல்லவும்."

எட்டு மணிக்கு அதைப் பூங்கா அறையில் கொடுத்தேன். சபாபதி விலைப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "வை" என்றார். வைத்துவிட்டு நின்றேன். "இன்னும் என்ன?" என்றார். "அப்பா சார்" என்றேன். "வெச்சிட்டியில்ல, போ" என்றார்.

எங்கள் தெருவுக்குக் குரல் எட்டாது. ஆகவே சொல்லிவிட்டார் என்றே நம்பி, நாங்கள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். திம்மன் அத்தை வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். கோணசந்திரம் சந்தையா, வேறு சந்தையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் குறுக்குப் பாதையில் ஓடி வந்து சந்தையில் தேடியபோது கடைகள் பாதி எடுத்துவிட்டிருந்தன. அத்தை ஏறிய வண்டி ஏரிக்கரைச் சாலை வழியாக ஏற்கனவே போய்விட்டிருந்தது. ஐந்து மணி ஆயிற்று. அம்மா, "இன்னுங் கொஞ்சம் பாப்பம்" என்றாள். ஆறு மணிக்கு, கோடித் துணி இல்லாமலே எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அத்தை வந்தாள். தெரு முனையோடு நின்றுவிட்டாள். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அத்தை உதறினாள்.

"என் தம்மன் செத்ததுக்கு எனக்குச் சேதி இல்ல. நான் என்ன செத்தா பூட்டேன்?"

"அண்ணி, மைக்குல சொல்லச் சொல்லிச் சீட்டுக் குடுத்தோம் அண்ணி. இவதான் எடுத்தும் போனா."

"மைக்கா? அந்தக் கம்பத்தடியிலதான்டி அவரைக்காயக் கூறு கட்டி உக்காந்திருந்தேன், வெடிஞ்சதுல இருந்து! புளி வெல மூணு தரம் சொன்னான். எவனோட கண்ணுக்குட்டியோ காணோம்னு மூணு தரம் சொன்னான். நெத்தியில சுழி, வாலு வெள்ளைன்னு அங்க அடையாளமெல்லாம் சொன்னான். கண்ணுக்குட்டியச் சொன்னவன் என் தம்மனச் சொல்லமாட்டானா? மைக்கு பொய் சொல்லுதா, இல்ல நீ பொய் சொல்றியா?"

சீட்டை வாசிக்கவில்லை என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. அத்தை குடிக்கத் தண்ணீரும் வாங்காமல் திரும்பி நடந்தாள். கருமாதிக்கும் வரவில்லை. சாவுச் சேதி சொல்லாத வீட்டில் கால் வைப்பதில்லை என்று ஆணையிட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். கம்பத்தில் கேட்காதது நடக்காதது என்று ஊரே நம்பிய நாட்கள் அவை. அத்தை மட்டும் எப்படி வேறு மாதிரி நம்புவாள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் சபாபதியிடம் போனேன். அன்று அவரோடு பேசியதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"சார், போன வாரம் சாவுச் சீட்டுக் குடுத்தேன். நீங்க சொல்லல. சீட்டு வந்துச்சு, நாங்கதான் சொல்லலன்னு மட்டும் மைக்குல சொல்லுங்க. எங்க அத்தை கம்பத்தடியிலதான் இருக்காங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா, சொல்ல வேண்டியதச் சொல்ல நேரம் ஏது?"

"ஒரு வரிதான் சார்."

"மைக்குங்கறது வாசப்படி மாதிரி. யாரை ஏத்தறதுங்கறது என் பொறுப்பு. ஒருத்தர ஏத்தினா தெருவே ஏறும்."

"கண்ணுக்குட்டி ஏறிச்சே சார்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "ஓ, நீயா! உனக்கு வாய் இருக்கு. குரல்தான் இல்ல. போ, போய்ப் படி."

"அந்தச் சீட்டையாவது குடுங்க சார். அத்தைகிட்டக் காட்டறேன்."

"அதெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்" என்றார்.

இரண்டு வருடங்கள் அத்தை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சந்தைக்கு வந்தாள். அம்மாவைக் கண்டால் கூறுகளுக்குத் தண்ணீர் தெளிப்பவள்போல் குனிந்துகொள்வாள். அம்மா இரண்டு கடை தள்ளி நின்று அவளைப் பார்த்துவிட்டு வருவாள். எங்கள் வீட்டில் அவரைக்காய் சமைப்பது நின்றது. மேலே கம்பத்தில் சபாபதி, காணாமல் போன குடைக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வருடங்களும் நான் அவர் குரலைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். அந்தக் குரல் அழகாக இருந்தது எனக்கு மேலும் ஆத்திரத்தைத் தந்தது.

இப்போது அவர் இறந்த நாளுக்கு வருகிறேன். பஞ்சாயத்து எழுத்தர் ராமோஜி ராவுக்கு விசைகளைப் போடத் தெரியும், பேசத் தெரியாது. சாவித்திரி திருமணமாகிப் போய்விட்டாள். ஆகவே பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிக்கும் பெண்ணை அனுப்பும்படி பள்ளிக்கு ஆள் வந்தது. தலைமையாசிரியை அம்மா என்னை அனுப்பினார். பத்து மணிக்கு நான் சபாபதியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். பஞ்சாயத்துத் தலைவர் எழுதிக் கொடுத்த இரங்கல் ஒரு முழுப் பக்கம் இருந்தது.

நாற்காலியை முன்னால் இழுத்தபோது முழங்காலில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் ஒரு மரக்கட்டையில் நிமிர்ந்து நின்ற கம்பி. அதில் சீட்டுகள் குத்தியிருந்தன. கோடு போட்ட நோட்டுத் தாள், பீடிக்கட்டுக் காகிதம், நாள்காட்டித் தாள். ஒவ்வொன்றும் ஒரு சாவு. எங்கள் மேட்டுத் தெரு, சக்கிலிபாளையம், கல் உடைக்கும் கொட்டாய்கள். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் சிவப்பு மையில், முத்து முத்தான அவருடைய கையெழுத்தில், ஒரே சொல் இருந்தது: "பிறகு." நடுவில் என் தாளும் இருந்தது. அதிலும் "பிறகு" என்று எழுதியிருந்தது.

குப்பையில் எறிந்திருந்தால்கூட எனக்கு இத்தனை கோபம் வந்திராது என்று நினைக்கிறேன். அவர் எறியவில்லை. சந்தை நேரம் முடியட்டும் என்று உண்மையாகவே எண்ணியிருக்கிறார். சந்தை முடிந்ததும் அறையைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் சீட்டைக் கேட்டு நின்ற அன்று, அது அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

"ஆரம்பி பாப்பா, லைன் போட்டுட்டேன்" என்றார் ராமோஜி ராவ்.

மனதுக்குள் மூன்று எண்ணினேன். தலைவரின் இரங்கலை முழுவதும் வாசித்தேன். ஒரு சொல்லும் விடவில்லை, குறைக்கவில்லை. ஜன்னல் வழியே சந்தை தெரிந்தது. மண்டிக்காரரின் தாயாருக்கு நின்றது போலவே தராசுகள் நின்றிருந்தன. அப்போது மறுபடியும் மூன்று எண்ணி, என் தாளை எடுத்து வாசித்தேன்.

"கோணசந்திரம் மேட்டுத் தெரு முனிசாமி இன்று விடியற்காலை இறந்துவிட்டார். மாலை ஐந்து மணிக்கு அடக்கம். அவருடைய அக்கா கெம்பம்மாவுக்குத் தெரிந்தவர்கள் சொல்லவும். இந்தச் சீட்டு இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இந்த அறையில் கொடுக்கப்பட்டது. இப்போதுதான் வாசிக்கப்படுகிறது."

"ஏய், இன்னா படிக்கிற? அது பட்டியல்லயே இல்ல!" என்று ராமோஜி ராவ் எழுந்தார். நான் அடுத்த சீட்டை எடுத்தேன். "கல்லுக்கொட்டாய் மாரக்காள்" என்ற பெயர் மட்டும் வெளியே போனது. அவர் பதற்றத்தில் எந்த ஒயரை இழுத்தாரோ, மைக் பெட்டிக்குள் புகை வந்து நான்கு கம்பங்களும் ஊமையாயின. என்னை அறையிலிருந்து வெளியே தள்ளினார். சீட்டுகள் என் கையில் இருந்தன.

நான் மேட்டுத் தெருவுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டு, மாரில் அறைந்துகொண்டு, "தம்மா! என் தம்மா!" என்று கதறிக்கொண்டு போனாள். மண்டித் தெருவில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

"ரேடியோக்காரருக்கு இந்தம்மா என்ன ஒறவு?" என்று ஒருவர் கேட்டார்.

"அக்கா போலக்குது. மைசூர் சீமையில இருந்து வந்திருக்குது. பாவம், எப்பிடி அழுவுது பாரு" என்றார் இன்னொருவர். இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் நின்று திருத்தவில்லை.

அத்தை இந்த முறை தெரு முனையில் நிற்கவில்லை. நேராக எங்கள் வாசலில் வந்து விழுந்தாள். அம்மா வெளியே வந்தாள். கம்பத்தின் குரல் எட்டாத தெரு ஆதலால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அத்தையின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதபின் அத்தை நிமிர்ந்தாள்.

"அடக்கம் எத்தன மணிக்குடி ஆச்சு?"

"ஆறு மணிக்கு அண்ணி" என்றாள் அம்மா. "உங்களுக்காக ஒரு மணி நேரம் வெச்சிருந்தோம்."

அன்று மாலை சபாபதியின் அடக்க நேரத்தை ஊருக்குச் சொல்ல மைக் இல்லை. பஞ்சாயத்திலிருந்து திம்மனைத் தேடி வந்தார்கள். அவர் பரணிலிருந்து தமுக்கை இறக்கி, வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். "ஒரே ஊர்ல ரெண்டு சத்தம் இருக்கக்கூடாதுன்னாரு. இன்னிக்கி ஒண்ணுதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, மேட்டுத் தெருவிலிருந்தே அடிக்க ஆரம்பித்தார். அம்மாவும் அத்தையும் வாசலில் நின்று கேட்டார்கள். இருவரும் அடக்கத்துக்குப் போகவில்லை. நானும் போகவில்லை.

தலைமையாசிரியை அம்மா இந்த மாதம் முழுவதும் நான் பிரார்த்தனை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு நான் வருந்தவில்லை. சபாபதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று எழுதி முடிக்கும்படி சுந்தரம் சார் சொன்னார். பேசுவதற்கு முன் மூன்று எண்ணும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன். அவர் அதை எனக்குக் கொடுக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். என் தாளை அத்தை கேட்டு வாங்கிப்போய், அவள் வீட்டில் அப்பா கொடுத்த புடவைக்குள் மடித்து வைத்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு மையில் இருப்பது என்ன என்று கேட்டாள். படித்துச் சொன்னேன்.

மீதிச் சீட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. மைக்கைப் பழுது பார்த்துவிட்டார்கள். புதிய அறிவிப்பாளர் சேலத்திலிருந்து வரப்போகிறாராம். இவற்றை வாசிக்கச் சொல்லி அவரிடமும் கேட்டுப் பார்த்தேன் என்று இன்னொரு மலரில் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லுக்கொட்டாய் மாரக்காள் முதலாகப் பதினாறு பேருடைய சாவுச் சீட்டுகள், கோணசந்திரம் மேட்டுத் தெரு முனிசாமி மகள் ராஜம்மாளிடம் உள்ளன. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.